காற்றில் மிதக்கும் மகரந்தமும் வித்தும் ஒளியை என்ன செய்கின்றன: தொடங்குவோருக்கான செய்முறை வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்துக்குச் சென்றவர்களுக்கு அந்தப் பிற்பகல் நினைவிருக்கும். இருட்டாக்கிய அறை, மேசைமேல் சிவப்பு லேசர், அதன் எதிரே ஒரு கண்ணாடித் தகடு, தகட்டின்மேல் மெல்லத் தூவிய வெளிர்மஞ்சள் பொடி, எதிரே நிறுத்திய வரைபடத்தாளில் ஒன்றையொன்று சூழ்ந்த மங்கலான வளையங்கள். வளையத்தின் ஆரத்தை அளந்து, சூத்திரத்தில் இட்டு, துகளின் அளவு இத்தனை மைக்ரோமீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியதோடு வேலை முடிந்திருக்கும். அந்தப் பொடியை ஏதோ ஒரு வேதிப்பொருள் என்றே பலர் இன்றும் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அது லைகோபோடியம் கிளவேட்டம் என்னும் செடியின் வித்து, அதாவது ஸ்போர். பூக்காமல், விதை வைக்காமல், தரையில் படர்ந்து வளரும் அந்தச் சிறு செடி தன் இனத்தைப் பரப்பக் காற்றில் விடுவது அந்தப் பொடியைத்தான். காற்றுவழிப் பரவும் உயிர்த்துகள் ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்ற கேள்விக்கான முதல் சோதனையை, பெயர் தெரியாமலேயே நம்மில் பலர் செய்திருக்கிறோம்.

அந்த மேசையிலிருந்தே தொடங்கி, மகரந்தம், பூஞ்சை வித்து, பாக்டீரியா ஆகியவை ஒளியைச் சிதறடிப்பதையும் உட்கவர்வதையும் படிப்படியாகக் கண்டு, அளந்து, கணக்கிட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். படிகள் நெடுகிலும் ஒரு பிரிவினையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சிதறிய ஒளி பெரும்பாலும் துகளின் அளவையும் வடிவத்தையும் பற்றிப் பேசுகிறது; உட்கவரப்பட்ட ஒளியும் அதிலிருந்து மீண்டும் வெளிப்படும் ஒளிர்வும் துகளுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டும் ஒரே துகளில் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒன்றின் விளைவை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுவதுதான் புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை.

தொடங்கும் முன்

தேவைப்படுபவை எளியவை: ஒரு மில்லிவாட்டுக்கு மிகாத சிவப்பு லேசர், சில ஸ்லைடுகளும் கவர் ஸ்லிப்புகளும், 400 மடங்கு உருப்பெருக்கும் கல்லூரி நுண்ணோக்கி, தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், ஒரு சிட்டிகை லைகோபோடியம், பூத்து நிற்கும் மக்காச்சோளக் கதிரைத் தாளின்மேல் தட்டிச் சேர்த்த மகரந்தம். அத்துடன், அடுக்களைக் கூடையின் அடியில் கிடக்கும், தோலில் கரும்பொடி படிந்த ஒரு பழைய வெங்காயம்.

மூன்று எச்சரிக்கைகளைத் தவிர்க்க முடியாது. லைகோபோடியம் பொடி காற்றில் பரவிய நிலையில் தீப்பற்றினால் ஒரே வீச்சில் எரியும். மேடை நாடகங்களில் தீப்பிழம்பு காட்ட அதைப் பயன்படுத்தியதே அந்தக் குணத்துக்காகத்தான். எனவே விளக்கோ அடுப்போ எரியும் இடத்தில் அதைத் திறக்காதீர்கள். மகரந்தமும் பூஞ்சை வித்தும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை என்பதால் முகக்கவசம் அணிவதும், மின்விசிறியை நிறுத்துவதும் கட்டாயம். லேசரையோ புறஊதா டார்ச்சையோ கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். புறஊதா ஒளியில் வேலை செய்யும்போது அதைத் தடுக்கும் கண்ணாடியை அணியுங்கள்.

முதற்படி: அளவை அலைநீளத்தோடு ஒப்பிடுதல்

எந்தத் துகளை எடுத்தாலும் முதலில் செய்யவேண்டிய கணக்கு ஒன்றே. துகளின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, கிடைக்கும் சுற்றளவை ஒளியின் அலைநீளத்தால் வகுங்கள். பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.55 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். 0.1 மைக்ரோமீட்டர் வைரசுக்கு இந்த விகிதம் சுமார் 0.6. 1 மைக்ரோமீட்டர் பாக்டீரியாவுக்கு 5.7. 5 மைக்ரோமீட்டர் பூஞ்சை வித்துக்கு 29. 30 மைக்ரோமீட்டர் லைகோபோடியத்துக்கு 171. 90 மைக்ரோமீட்டர் அளவிலான மக்காச்சோள மகரந்தத்துக்கு 500க்கும் மேல்.

விகிதம் ஒன்றைவிட மிகச் சிறிதாக இருந்தால், சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தும், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகவும் மாறும். 1871இல் இயற்பியலாளர் ராலே வானின் நீலத்துக்கு விளக்கம் தந்தது இந்த எல்லையில்தான். விகிதம் சில பத்துகளுக்குள் இருக்கும் பாக்டீரியா, சிறு வித்து ஆகியவற்றுக்கு இந்த எளிய விதி உதவாது. அங்கே 1908இல் குஸ்தாவ் மீ வெளியிட்ட கோளத்துகள் தீர்வைக் கணினியில் ஓட்டவேண்டும். விகிதம் நூற்றைத் தாண்டிய மகரந்தத்துக்கு, விளிம்பு விளைவையும் சாதாரண ஒளிவிலகலையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினாலே பெரும்பாலும் போதும். வைரசைப் பற்றி ஒரு குறிப்பு: அது காற்றில் தனியே திரிவது அரிது, பெரும்பாலும் உலர்ந்த சளித்துளியின் உப்புக்கும் புரதத்துக்கும் நடுவே அமர்ந்துதான் பயணிக்கிறது. ஆகவே உங்கள் கணக்கில் நுழையவேண்டிய விட்டம் அந்தத் துளியுடையது.

இரண்டாம் படி: வளையங்களைச் சரியாக அளத்தல்

இந்தப் படியில் நான் சற்று அதிகமாகவே நிற்கப் போகிறேன், ஏனெனில் கற்பிக்கும் இடங்களில் மிகவும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இதுதான்.

ஸ்லைடைத் துடைத்து உலர்த்துங்கள். மூக்குப்பொடி எடுப்பதுபோல இரண்டு விரலால் சிறிதளவு பொடியை எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தூவி, ஸ்லைடைச் செங்குத்தாகப் பிடித்து மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மீதி உதிர்ந்து, கண்ணுக்கு மெல்லிய மூச்சுப் பனிபோலத் தெரியும் ஒரு படலம் மட்டும் நிற்கவேண்டும். பொடி தடிமனாக இருந்தால் ஒரு வித்து சிதறடித்த ஒளியை அடுத்த வித்து மீண்டும் சிதறடித்துவிடும். வளையங்கள் கரைந்து வெறும் மங்கல் வெளிச்சமே மிஞ்சும். லேசரை ஸ்லைடின் வழியே செலுத்தி, 50 சென்டிமீட்டர் தொலைவில் வெள்ளைத்தாளை நிறுத்துங்கள்.

650 நானோமீட்டர் லேசருக்கும் 30 மைக்ரோமீட்டர் வித்துக்கும், நடுவிலுள்ள பிரகாசமான வட்டத்தைச் சுற்றிவரும் முதல் இருள்வளையத்தின் ஆரம் சுமார் 1.3 சென்டிமீட்டராகவும், இரண்டாவதின் ஆரம் சுமார் 2.4 சென்டிமீட்டராகவும் இருக்கும். வட்டமான தடைக்கு இருள்வளையங்களின் கோணம், அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் 1.22, 2.23, 3.24 மடங்குகளில் அமைகிறது. ஆனால் பல செய்முறைக் குறிப்பேடுகள் இந்த எண்களுக்குப் பதிலாக 1, 2, 3 என்ற முழு எண்களையே இட்டுவிடுகின்றன. அப்படிச் செய்தால் 30 மைக்ரோமீட்டர் வித்து முதல் வளையத்தில் 24.6 என்றும், இரண்டாம் வளையத்தில் 26.9 என்றும் வரும். பிரகாச வளையங்களை அளந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்; அவை 1.63, 2.68 மடங்குகளில் விழுவதால் முதல் வளையம் 18 என்று காட்டும். வளையத்துக்கு வளையம் விடை கூடிக்கொண்டே போவதைக் கண்ட மாணவர் தன் கையின் நடுக்கமே காரணம் என்று நினைத்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்து முடித்துவிடுவார். நானும் அப்படித்தான் முடித்தேன். கையில் பிழை இல்லை, சூத்திரத்தில்தான் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. சரியான மடங்குகளை இட்டுப் பாருங்கள்; மூன்று வளையங்களும் ஒரே விட்டத்தைத் தரத் தொடங்கும்.

பிறகு அதே சோதனையை அரிசிமாவில் செய்யுங்கள். வளையம் வராது. மாவுத்துகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருப்பதால் ஒவ்வொன்றின் வளையமும் வேறுவேறு ஆரத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. வளையம் தெளிவாக வருகிறது என்றால் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன என்று பொருள். ஒரே செடி, ஒரே அச்சில் வார்த்ததுபோல் கோடிக்கணக்கில் உருவாக்கிய வித்துக்கு இருக்கும் சிறப்பு அது. இன்னும் உற்றுப் பார்த்தால் வளையத்துக்குள் ஒளி சீராக இல்லாமல் பொட்டுப்பொட்டாக, ஆரக்கோடுகளாகச் சிதறிக் கிடப்பது தெரியும். வித்துகள் தாறுமாறான இடங்களில் இருப்பதால் அவற்றின் அலைகள் கூடியும் கழிந்தும் உருவாக்கும் கோலம் அது. இந்த ஒளி ஏற்றத்தாழ்வைப் பற்றி 1943இல் இளைஞராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். கொலாஜன் புரதத்தின் முச்சுருள் வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து அவர் உலகப் புகழ் பெற்றது அதற்குப் பின்னர்.

இதே வளையம் வானத்திலும் விழும். பின்லாந்தில் பிர்ச் மரங்கள் மகரந்தம் விடும் இளவேனிலில், காற்று அமைதியாக இருக்கும் நாளில், சூரியனை ஒரு விளக்குக்கம்பத்தால் மறைத்துப் பார்ப்பவர்கள் அதைச் சுற்றி வண்ண வளையங்களைக் காண்கிறார்கள். 25 மைக்ரோமீட்டர் மகரந்தத்துக்குப் பச்சை ஒளியின் முதல் இருள்வளையம் சுமார் ஒன்றரை டிகிரியில் விழும். சூரியனின் அகலமே அரை டிகிரி என்பதால் வளையம் அதை ஒட்டியே நிற்கிறது. பைன் மகரந்தத்துக்கு இருபுறமும் காற்றுப்பைகள் உண்டு. நீண்ட வடிவமுள்ள அது விழும்போது ஒரே வாக்கில் படுத்தபடி இறங்குவதால், அதன் வளையம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீள்கிறது. துகளின் உருவத்தை ஒளி தானே வானில் வரைந்து காட்டும் இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: தகட்டிலிருந்து காற்றுக்கு

ஓட்டுவீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. பிற்பகலில் ஓட்டின் இடுக்கு வழியே விழும் வெயில் கற்றையில் தூசு மினுங்கும். இப்போது அதையே ஒழுங்காகச் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சின் முகத்தைக் கரிய தாளால் மூடி, அதில் ஒரு சிறு துளையிட்டுக் கற்றையை உருவாக்குங்கள். கற்றைக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிறகு டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் சென்று, துளையை நேராகப் பார்க்காமல் கற்றை உங்கள் தோளை உரசிப் போகும்படி நின்று பாருங்கள். கடைசியாக டார்ச்சின் பின்னால் நின்று பாருங்கள். ஒளி உங்களை நோக்கி வரும்போது துகள்கள் பொறிபோலத் துலங்கும். உங்களை விட்டு விலகிச் செல்லும்போது அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிடும். அலைநீளத்தைவிடப் பெரிய துகள் தான் சிதறடிக்கும் ஒளியில் பெரும்பகுதியை முன்னோக்கியே அனுப்புகிறது.

இக்கற்றையை அறிவியல் கருவியாக்கியவர் ஜான் டிண்டால். இலண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860களின் இறுதியில், ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசைக் கண்டு, காற்றைச் சாராய விளக்கின் சுடர் வழியே அனுப்பினால் கற்றை இருண்டுவிடுவதைக் கவனித்தார். எரிந்துபோகும் தூசு உயிர்ப்பொருளாகவே இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். சூடான பொருளுக்கு மேலே தூசு எரியாமலேயே ஒதுக்கித் தள்ளப்படுவதும் உண்டு என்பது பின்னர் தெளிவானது. ஆகவே அவருடைய முதல் வாதம் முழுமையானதன்று. ஆனால் அடுத்து அவர் செய்தது அசைக்க முடியாதது. உட்சுவரில் கிளிசரின் பூசிய பெட்டியைப் பல நாள் அசைக்காமல் வைத்து, தூசு முழுவதும் சுவரில் ஒட்டிக் கற்றை தடமின்றி மறைந்த பிறகு, அதற்குள் கொதிக்கவைத்த இறைச்சிச்சாற்றை வைத்தார். அது கெடவில்லை. ஒளியைச் சிதறடிக்கும் பொருள் காற்றில் இல்லையென்றால் அழுகலும் இல்லை.

துகள் கோளமா, கோணல்மாணலா என்பதை அறிய ஒளியின் தளவிளைவு உதவும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அனுப்பினால், உருண்டையான நீர்த்துளி அதை அப்படியே பின்னோக்கித் திருப்பும். முள்ளும் மேடும் பையும் கொண்ட மகரந்தம் அந்தத் தளத்தைக் குலைத்துவிடும். வானத்தை நோக்கி லேசர் துடிப்புகளை அனுப்பித் திரும்பும் ஒளியை அளக்கும் லைடார் நிலையங்கள் மகரந்தப் படலங்களை இப்படித்தான் கண்டறிகின்றன. காற்றுப்பை கொண்ட பைன் மகரந்தம் பிர்ச் மகரந்தத்தைவிட அதிகமாகத் தளத்தைக் குலைக்கிறது.

நான்காம் படி: எண்ணெயில் மூழ்கடித்துச் சிதறலை அணைத்தல்

சிதறலையும் உட்கவர்தலையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த மிக மலிவான வழி இது. துகளுக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்துக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடே சிதறலுக்குக் காரணம். வேறுபாட்டைக் குறைத்தால் சிதறல் அடங்கும். துகளுக்குள் இருக்கும் நிறப்பொருளோ தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். காற்றுக்கு ஒளிவிலகல் எண் 1.00, நீருக்கு 1.33, தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.45, விளக்கெண்ணெய்க்குச் சுமார் 1.48, நுண்ணோக்கியின் மூழ்கெண்ணெய்க்கு 1.515. உலர்ந்த உயிர்த்துகள்களின் எண் பெரும்பாலும் 1.4க்கும் 1.6க்கும் இடையில் விழும்.

ஐந்து ஸ்லைடுகளில் மக்காச்சோள மகரந்தத்தை எடுத்து, ஒன்றை உலர்வாகவும் மற்றவற்றை இந்த நான்கு திரவங்களிலும் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். காற்றில் இருக்கும் மணி, கரிய தடித்த விளிம்பும் நடுவில் ஒரு பளிச்சென்ற புள்ளியும் கொண்ட குண்டுமணிபோல் தெரியும். நீரில் விளிம்பு மெலியும். எண்ணெய்களில் விளிம்பு மேலும் மங்கி, உள்ளிருக்கும் மாவுச்சத்து மணிகளும் வெளிர்மஞ்சள் நிறமும் புலப்படத் தொடங்கும். காற்றில் நீங்கள் கண்ட கருமை உட்கவர்தல் அன்று, விலகியும் சிதறியும் வில்லைக்குள் வராமல் போன ஒளி என்பது அந்தக் கணத்தில் கண்கூடாகத் தெரியும். லைகோபோடியத்தில் இதைச் செய்தால், பொடி நீரில் நனையாமல் மேலேயே மிதக்கும். முதலில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டில் நனைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிவிலகல் எண் திரவத்தைவிடக் கூடவா குறைவா என்று அறிய, நுண்ணோக்கியின் கீழ்த்துளையைச் சுருக்கி, மணியின் விளிம்பைத் துல்லியமாகக் குவியுங்கள். விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ஒளிக்கோடு தெரியும். வில்லைக்கும் ஸ்லைடுக்கும் இடையிலான தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது அக்கோடு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே ஒளிவிலகல் எண் கூடுதல். விளக்கெண்ணெயில் உள்நோக்கியும் மூழ்கெண்ணெயில் வெளிநோக்கியும் நகர்ந்தால், மணிச்சுவரின் எண் 1.48க்கும் 1.515க்கும் இடையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். முன்பு சொன்ன மீ கணக்குக்கு இந்த எண் இல்லாமல் முடியாது.

ஐந்தாம் படி: வெங்காயத் தோலின் கரும்பொடி

வெங்காயத்தின் மேல்தோலை உரித்தால், நரம்புகளின் ஓரமாக அடுப்புக்கரிபோல் படிந்திருக்கும் பொடி பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சையின் வித்து. ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன்மேல் மெல்ல அழுத்தி எடுத்து, ஒரு சொட்டு நீரிட்ட ஸ்லைடில் ஒட்டி, 400 மடங்கில் பாருங்கள். தோலில் கன்னங்கரேலென்று இருந்த பொடி, இங்கே ஏறக்குறைய 4 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக, காப்பிக்கொட்டை நிறத்தில் தெரியும். கருப்பு எங்கே போயிற்று?

தனி வித்தைக் கடக்க ஒளிக்கு 4 மைக்ரோமீட்டர் தொலைவே இருக்கிறது. அதில் 70 விழுக்காடு ஒளி தப்பி வெளியேறுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து வித்துகளை அடுத்தடுத்துக் கடக்கவேண்டிய ஒளியில் 3 விழுக்காடுகூட மிஞ்சாது. குவியலுக்குள் நுழைந்த ஒளி சிதறிச் சிதறி முன்னும் பின்னும் அலைவதால் பத்தென்ன, பல பத்து வித்துகளைக் கடந்தாகவேண்டும். ஆகவே குவியலின் நிறத்தைக் கொண்டு தனித்துகளின் உட்கவர்தலை மதிப்பிடக் கூடாது. குவியலில் மஞ்சளாகத் தெரியும் மக்காச்சோள மகரந்தம் தனியாக ஏறக்குறைய நிறமற்றுத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

வித்தின் பழுப்பு மெலனின் தருவது. நம் தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்த அது, குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் எல்லா அலைநீளங்களையும் உட்கவர்கிறது. சிவப்பிலிருந்து ஊதாவுக்கும் புறஊதாவுக்கும் போகப் போக அதன் பசி கூடுகிறது. வெயிலில் நாள்கணக்கில் மிதக்கும் வித்துக்கு அது குடைபோல உதவுகிறது. மற்ற நிறப்பொருள்கள் இப்படி எல்லாவற்றையும் விழுங்குவதில்லை: கரோட்டினாய்டுகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரை, பச்சையம் 430ஐயும் 660ஐயும் ஒட்டி, மரபுப்பொருளான டி.என்.ஏ. 260ஐ ஒட்டி, புரதத்திலுள்ள டிரிப்டோபேன் 280ஐ ஒட்டி உட்கவர்கின்றன. கண்ணுக்கு நிறமற்றதாகத் தெரியும் பாக்டீரியாவும், புறஊதாவைக் காணும் கண் இருந்தால், கறைபடிந்ததுபோலத்தான் தெரியும்.

ஆறாம் படி: புறஊதாவில் ஒளிர்வைப் பார்த்தல்

உட்கவர்ந்த ஆற்றலைச் சில மூலக்கூறுகள் முழுவதும் வெப்பமாக மாற்றாமல், சில நானோவினாடிகளுக்குள் நீண்ட அலைநீள ஒளியாக வெளியிடுகின்றன. டிரிப்டோபேன் 280 நானோமீட்டரை வாங்கி 340 அளவில் கொடுக்கிறது. செல்லின் ஆற்றல் வேலைகளில் பங்கேற்கும் என்.ஏ.டி.எச். 340ஐ வாங்கி 460 அளவிலும், ரைபோஃபிளேவின் 450ஐ வாங்கி 530 அளவிலும், பச்சையம் நீலத்தை வாங்கி 680 அளவில் அடர்சிவப்பாகவும் ஒளிர்கின்றன. 280 நானோமீட்டர் விளக்கு கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் வீட்டுச் சோதனைக்கு அது வேண்டாம். 365 டார்ச் வாங்கும்போது, கண்ணுக்குத் தெரியும் ஊதாவைத் தடுக்கும் கரிய வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான 395 டார்ச்சுகளின் ஊதா வெளிச்சம் மகரந்தத்தின் மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடும்.

இருட்டில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கி, கரிய தாளில் தூவிய மகரந்தத்தின்மேல் டார்ச்சை அடியுங்கள். நீலம் கலந்த வெண்மையில் மணிகள் ஒளிரும். மணிச்சுவரின் கடினப் பொருளான ஸ்போரோபொலனினும் அதைச் சார்ந்த பீனாலிகச் சேர்மங்களும் இதில் பெரும்பங்கு கொள்கின்றன. வெங்காயக் கரும்பொடியின்மேல் அடித்துப் பாருங்கள். ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். வித்துக்குள் ஒளிரக்கூடிய புரதமும் துணைநொதிகளும் இல்லாமலில்லை. உள்ளே செல்லும் புறஊதாவையும் வெளியே வரும் ஒளிர்வையும் மெலனின் வழியிலேயே விழுங்கிவிடுகிறது. ஆகவே ஒளிரவில்லை என்பதை உயிர்ப்பொருள் இல்லை என்று படிக்கக் கூடாது.

ஒளிர்கிறது என்பதை உயிர்ப்பொருள் என்று படிப்பதும் அதே அளவு தவறு. தொடக்க நாள்களில் மொட்டைமாடியில் வாசலின் தடவிய ஸ்லைடை ஒரு பகல் வைத்து எடுத்து, புறஊதாவில் பார்த்தபோது, கண்ணைப் பறிக்கும் நீலத் துணுக்குகள் ஏராளமாகத் தெரிந்தன. மகரந்தக் காலம் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்து எண்ணி எழுதினேன். மறுநாள் சாதாரண ஒளியில் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை நூலிழைகள். பக்கத்துக் கொடியில் உலர்ந்த வெள்ளைச் சட்டைகளிலிருந்து வந்தவை. சலவைத்தூளில் துணியை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் புறஊதாவில் நீலமாக ஒளிர்கிறது. வெள்ளைத்தாளும் அப்படியே. எனவே ஒவ்வொரு முறையும் மூன்று ஒப்பீட்டு ஸ்லைடுகளை உடன் வையுங்கள்: எதுவும் படாதது ஒன்று, சட்டைநூல் ஒட்டியது ஒன்று, அறிந்த மகரந்தம் உள்ளது ஒன்று. மகரந்தத்தை அடையாளம் காணச் சாயம் ஏற்றுவதாக இருந்தால், ஒளி அளவீடுகள் எல்லாம் முடிந்த பிறகே ஏற்றுங்கள். சாயமே ஓர் உட்கவரும் பொருள்.

ஏழாம் படி: ஒரு கன மீட்டர் காற்றுக்குக் கணக்கு

பெரிய துகள் ஒன்று கற்றையிலிருந்து நீக்கும் ஒளி, அதன் நிழற்பரப்பைப்போல் சுமார் இரு மடங்கு. நிழலில் மறையும் ஒளி ஒரு பங்கு. விளிம்பைச் சுற்றி வளைந்து முன்னோக்கிச் சிதறுவது மறுபங்கு. 25 மைக்ரோமீட்டர் மணியின் நிழற்பரப்பு 491 சதுர மைக்ரோமீட்டர், இருமடங்கு 982. ஒரு கன மீட்டரில் 1,000 மணிகள் இருப்பதாகக் கொண்டால், ஒரு மீட்டர் தொலைவில் கற்றை இழப்பது பத்து இலட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு. 5 மைக்ரோமீட்டர் வித்துகள் 10,000 இருந்தால் இழப்பு அதன் பாதிக்கும் குறைவு. தூய காற்றின் மூலக்கூறுகள் மட்டுமே கடல்மட்டத்தில் பச்சை ஒளியில் பத்து இலட்சத்தில் சுமார் 12 பங்கைச் சிதறடிக்கின்றன. மகரந்தம் நிறைந்த நாளிலும் வானம் மங்குவதற்கு மகரந்தத்தைக் காரணம் சொல்ல முடியாது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது. உயிர்த்துகளைத் தேடவேண்டியது கற்றையின் மொத்த இழப்பில் அன்று, ஒவ்வொரு துகளாகக் கடக்கும்போது எழும் தனித்தனிப் பொறியில்.

ஒரு நுட்பமான சிக்கல் இங்கே உண்டு. விளிம்பில் வளைந்த அந்த மறுபங்கு ஒளி ஒன்றிரண்டு டிகிரிக்குள்ளேயே முன்னோக்கிச் செல்கிறது. உங்கள் உணரியின் முன்னுள்ள வில்லை அகன்றதாக இருந்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். இழப்பு பாதியாகவே பதிவாகும். அளவீட்டோடு உணரியின் ஏற்புக்கோணத்தையும் எழுதாத குறிப்பு பயன்படாது.

எட்டாம் படி: கருவியின் பதிவை வாசித்தல்

தனித்துகளைப் பிடிக்கும் கருவிகளில் ஆய்வுலகில் பரவலாக வழங்குவது விப்ஸ் (WIBS) என்னும் உயிர்த்துகள் உணரி. துகள் முதலில் 635 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கடக்கிறது. சிதறிய ஒளியின் வலுவிலிருந்து அளவும், அது நான்கு திசைகளில் எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு விழுகிறது என்பதிலிருந்து வடிவமும் மதிப்பிடப்படுகின்றன. அந்தச் சிதறலே தூண்டுகோலாகி இரண்டு செனான் விளக்குகளை அடுத்தடுத்து மின்ன வைக்கிறது. ஒன்று 280 நானோமீட்டர், மற்றது 370 நானோமீட்டர். ஒளிர்வு 310 முதல் 400 வரையும், 420 முதல் 650 வரையும் உள்ள பட்டைகளில் பதிவாகிறது. இதுவரை நீங்கள் கையால் செய்த இரண்டாம், மூன்றாம், ஆறாம் படிகள்தான் ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதிக்குள் அடுத்தடுத்து நடக்கின்றன.

பதிவைத் திறந்தவுடன் முதலில் பார்க்கவேண்டியது வாசல்மதிப்பு. துகள் ஏதும் இல்லாதபோது விளக்குகளை மின்னச் செய்து கிடைக்கும் வெற்று ஒளியின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மும்மடங்கைக் கூட்டி, அதற்கு மேல் ஒளிர்வதையே ஒளிரும் துகளாக எண்ணுவது வழக்கம். புகையும் வாகனக்கரியும் மிகுந்த நகரத்தில் ஒன்பது மடங்கு எடுப்பது நல்லது, ஏனெனில் புகையிலுள்ள சில சேர்மங்களும் மெலிதாக ஒளிர்கின்றன. அளவைப் படிக்கும்போதும் கவனம் தேவை: கருவி ஒளிவிலகல் எண் 1.59 கொண்ட பாலிஸ்டைரீன் மணிகளைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கும். உங்கள் வித்தின் எண் 1.5 என்றால், கருவி எழுதும் விட்டம் உண்மையான விட்டத்திலிருந்து விலகியே இருக்கும். நான்காம் படியில் எண்ணெயில் கண்ட எண் இங்கே திருத்தத்துக்கு உதவும்.

ஒளிர்வுப் பட்டைகள் அகலமானவை. அவற்றைக் கொண்டு இது பாக்டீரியா, இது மகரந்தம் என்று தோராயமாக வகைபிரிக்கலாமே தவிர, எந்தச் செடியின் மகரந்தம் என்று கூற முடியாது. மூலக்கூறின் கைரேகையைத் தருவது 1928இல் கொல்கத்தாவில் சி. வி. இராமன் கண்ட சிதறல். ஆனால் கோடி ஃபோட்டான்களில் ஒன்று என்ற அளவுக்கே அது நிகழ்வதால், பறந்து செல்லும் துகளில் அதைப் பிடிப்பது மிகக் கடினம். துகளை ஒரு பரப்பில் பிடித்துவைத்து நேரமெடுத்தே பெரும்பாலும் அளக்கிறார்கள்.

ஆகவே கருவிக்குப் பக்கத்திலேயே வாசலின் தடவிய ஒரு ஸ்லைடையோ, வசதியிருந்தால் ஹர்ஸ்ட் என்பவர் 1952இல் வடிவமைத்த, நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும் பொறியையோ வையுங்கள். கருவி ஒரே நாளில் திடீரென ஏற்றம் காட்டினால், அதே நாளின் ஸ்லைடை எடுத்து முதலில் சாதாரண ஒளியிலும், பிறகு புறஊதாவிலும், கடைசியாகச் சாயமேற்றியும் பாருங்கள். ஸ்லைடின் ஓரத்தில் தேதி, வைத்த நேரம், எடுத்த நேரம், மழை பெய்ததா, அருகில் துணி உலர்ந்ததா என்று பென்சிலால் எழுதி, கவர் ஸ்லிப்பின் விளிம்பை நகப்பூச்சால் அடைத்து, பெட்டியில் படுக்கை வாக்கில் அடுக்குங்கள்.